பொது வட்டும் தனி வரம்பும்

பலர் பயன்கொள்ளும் பொருளுக்கு அளவு வகுத்தல் இன்றியமையாதது. குளத்து நீரைப் பங்கிடும் முறை இல்லையேல், மேல்மடை வயலே நீர் முழுவதையும் உண்டுவிடும். பல்கலைக்கழகங்களிலும் அலுவலகங்களிலும் பலர் தம் கோப்புக்களை ஒருங்கே வைத்திருக்கும் கணினி வட்டின் நிலையும் அத்தகையதே. ஒருவர் வேண்டாத கோப்புக்களை நீக்காது குவிப்பாராயின், வட்டு நிறைந்து அனைவருடைய வேலையும் தடைப்படும். ஆதலின், பயனருக்கு வரம்பு வேண்டுமோ என்பது வினாவன்று. அவ்வரம்பு நிறைவேற்றப்படும் முறை செவ்விதோ என்பதே ஆராயற்பாலது.

பேர்க்கிளிப் பல்கலைக்கழகத்திலிருந்து 1983ஆம் ஆண்டு வெளிவந்த யூனிக்ஸ் பதிப்பில் இடம்பெற்ற வரம்பு முறை ஈண்டு முதற்கண் நோக்கத்தக்கது. இது மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொபேட் எல்ஸ் என்பார் ஆக்கியளித்தது. இதன்கண் மென்வரம்பு, வன்வரம்பு என இரண்டு உள. வட்டிற் கொள்ளும் இடத்துக்கும் கோப்புக்களின் எண்ணிக்கைக்கும் இவை தனித்தனியே வகுக்கப்படும். மென்வரம்பைக் கடந்தவருக்கு அவருடைய திரையிலேயே எச்சரிக்கை தோன்றும், வேலை தடைப்படாது. அடுத்தமுறை கணினியுள் நுழையும்போதும் எச்சரிக்கை வரும். பலமுறை உணர்த்தியும் குறைக்காதவருக்கே மென்வரம்பு வன்வரம்பாய் இறுகும். வேலை நடக்குங்கால் தற்காலிகமாக மிகுதியான இடம் வேண்டப்படும் என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு இது. மறுப்புக்கு முன் அறிவிப்பு என்னும் நீதியே இவ்வமைப்பின் உயிர்நிலை எனலாம்.

பின்னர், சன் மைக்கிறோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் 1980களின் நடுப்பகுதியில் உருவாக்கிய வலையமைப்புக் கோப்பு முறை பரவியது. வட்டு ஓரிடத்திலும் பயனர் பிறிதோரிடத்திலும் ஆயினர். வரம்பைக் காக்கும் பொறுப்பு வட்டையுடைய சேவையகத்திடமே நின்றது. இது சாலப் பொருந்தும். பங்கு கேட்போரிடமே காவலையும் ஒப்படைத்தல் தகாது. ஆயின், காவல் நிலைத்த அளவுக்கு அறிவிப்பு நிலைக்கவில்லை. இம்முறையின் இரண்டாம் பதிப்புக்கு 1989இல் வெளியான விவரணத்தில், வரம்பு மீறலைக் குறிக்க 69 என்னும் பிழையெண் உண்டு. மென்வரம்பு கடந்தமையைத் தானே உணர்த்தும் சொல் இல்லை. தம் நிலையை அறிய விரும்பும் பயனர் வேறொரு சேவையை வினவியே அறிதல் வேண்டும்.

இதனினும் பெரிய குறை மறுப்பின் காலந்தாழ்த்தலாகும். விரைவு கருதி, பயனரின் கணினி எழுத்தைத் தன் நினைவகத்தில் தேக்கிப் பின்னரே அனுப்புவதுண்டு. அந்நிலையில் எழுதுகையில் ‘நன்று’ என விடை வரும். கோப்பை மூடும்போதே சேவையகத்தின் மறுப்பு வந்து சேரும். மூடுதலின் விடையை நோக்காத செயலி, வேலை சேமிக்கப்பட்டதாகவே கருதும். பழைய கோப்பை முதலில் வெறுமையாக்கிப் பின் புதியதை எழுதும் செயலியாயின், புதியதும் ஏறாது, பழையதும் எஞ்சாது. ஆய்வு மாணவர் ஒருவரின் பல மாத உழைப்பு இவ்வாறு அழியக்கூடும்.

யாருடைய கணக்கில் எழுதுவது என்பதும் சிக்கலே. இம்முறை பெரும்பாலும் பயனரின் பெயரை நோக்காது எண்ணையே நோக்கும். இரு கணினிகளில் ஒரே எண் இருவருக்கு வழங்கப்பட்டிருப்பின், ஒருவர் சேர்த்த சுமை மற்றவர் தலையில் ஏறும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தோன்றிய அன்ட்றூ கோப்பு முறையோ, வரம்பை ஆளுக்கு வகுக்காது கோப்புத் தொகுதிக்கு வகுத்தது. அதனால் இக்குழப்பம் நீங்குமேனும், ஒரு தொகுதியைப் பலர் பகிருமிடத்து மிகுதியாகக் கொண்டவர் இன்னார் என்பது அவ்வரம்பினால் விளங்காது.

பிழை செயலியை எழுதியோருடையதே, வரம்பு முறையினதன்று என்பர் சிலர். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அது முழுவுண்மையன்று. நான்காம் பதிப்புக்கு 2000ஆம் ஆண்டு வெளியான விவரணத்தில், பயன்பட்ட இடத்தையும் இரு வரம்புகளுக்குள் எஞ்சிய இடத்தையும் கூறும் பண்புகள் சேர்க்கப்பட்டன. முன்பு ஒரு வெற்றிடம் இருந்தது என்பதற்கு இதுவே சான்று. எனினும் இவையும் கேட்டால் விடைகூறுவனவேயன்றித் தாமே முன்வந்து எச்சரிப்பனவல்ல.

ஆகவே, வலையமைப்பில் வரம்பு நிறைவேற்றும் முறை காவலில் வென்று அறிவிப்பில் தோற்றது என்பதே நடுநிலையான முடிபு. அத்தோல்வியை ஈடுசெய்தல் நிருவாகியின் கடன். மென்வரம்பை வன்வரம்புக்குப் போதிய அளவு கீழே வைத்தலும், கடந்தவருக்கு உடனே கடிதம் செல்ல ஏற்பாடு செய்தலும், பயனர் எண்களை எங்கும் ஒருபடித்தாக்குதலும் வேண்டும். செயலி எழுதுவோரும் புதிய கோப்பு நலமே சேர்ந்தமையை அறிந்த பின்னரே பழையதை அகற்றுதல் வேண்டும். எல்லை வகுத்தவர், அதனை அணுகுவோர் அறியுமாறு ஓர் அடையாளமும் நாட்டுதல் முறை. அஃதில்லாவிடத்து வரம்பு காவலாகாது, கண்ணியாகும்.