தொட்டிக்கரி

பரமத்திவேலூரில் கொப்பரை எடுத்தபின் மிஞ்சும் தேங்காய்த் தொட்டி பலருக்கு அடுப்பெரிக்கத்தான். எனக்கு இந்தக் காவிரிக் கரையில் அதைவிட நுணுக்கமான பொருள் வேறில்லை. காற்றை அடக்கிச் சுட்டால் கரி. அந்தக் கரியை 900 டிகிரியை ஒட்டிய சூட்டில் நீராவியில் வாட்டினால் உடம்பெல்லாம் துளை. பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறுகியவை. ஒரு கிராம் கரிக்குள் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு. கால் ஏக்கர்!

தண்ணீர் வடிகட்டியில் இதன் உழைப்பு தெரிந்ததே. நான் வியப்பது, இது துப்புத் துலக்குவதை. புற்றுநோய் அச்சமுள்ள நைட்ரோசமீன்கள் குடிநீரில் இருந்தால் லிட்டருக்குச் சில நானோகிராம்தான் இருக்கும். ஆய்வுக் கருவிக்கு நேராக அகப்படாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2004இல் வகுத்த 521ஆம் முறையில், அரை லிட்டர் நீரை 2 கிராம் தொட்டிக்கரி வழியே இழுக்கிறார்கள். கரி பற்றியதை டைகுளோரோமீத்தேனால் கழுவியெடுத்துச் சுண்டவைத்தால் கருவி கண்டுகொள்ளும்.

பள்ளிபாளையம், குமாரபாளையம் சாயக்கழிவை நிறமே காட்டிக்கொடுக்கும். நிறம் காட்டாத நைட்ரோசமீன்களை? அங்கிருந்து கீழே ஆற்றில் எடுத்து, குளோரின் கலந்து வரும் நம் குழாய்த் தண்ணீரையும் இப்படி வாடிக்கையாகச் சோதிக்க வேண்டும்.