காயலில் ஒலித்த அண்ணாமலைச் சந்தம்

வேங்கிக்காலில் குடியிருப்பவனுக்குக் கடல் நெடுந்தொலைவு. வாயிலில் வந்து நின்றால் அண்ணாமலைதான் கண்ணில் நிறையும். கார்த்திகை மாதத்தில் காற்று வாகாக வீசும்போது ஒலிபெருக்கியின் வழியே திருப்புகழ் இங்குவரை வந்து சேரும். அரபு யாப்பிலக்கணமாகிய இல்முல் அரூளைப் பல்லாண்டுகள் பாடம் சொல்லிப் பழகிய காது, பொருளைப் பிடிப்பதற்கு முன்பே அசைகளை எண்ணத் தொடங்கிவிடுகிறது. அவ்வாறு எண்ணிக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான், காயல்பட்டினத்துக் காசிம் புலவரை நான் சரியாகப் படிக்கவே இல்லை என்ற எண்ணம் எனக்கு ஏற்பட்டது. பெயரை அறிந்திருந்தேன், கதையை அறிந்திருந்தேன், நூலை அறிந்திருக்கவில்லை.

இக்குறை என் ஒருவனுடையது அன்று. நம் கடற்கரை ஊர்களின் பெரியோரைப் பற்றி எழுதப்படும் நூல்களையும் மலர்களையும் புரட்டிப் பாருங்கள். இன்னார் இவ்வூரில் பிறந்தார், இன்னாரிடம் ஓதினார், இன்ன இடத்தில் அடங்கியுள்ளார் என்ற செய்திகள் இருக்கும்; இரண்டொரு கராமத்துகள் இருக்கும்; இறுதியில் 'பல நூல்களை இயற்றியுள்ளார்' என்ற ஒரு வரி இருக்கும். அந்த நூல்கள் எத்தகையவை என்ற வினா மட்டும் எழுவதே இல்லை. பேராசிரியர் ம.மு. உவைஸ் அவர்கள் 'இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு' தொகுதிகளைப் பேராசிரியர் பீ.மு. அஜ்மல்கானுடன் சேர்ந்து எழுதி, நூல்களை வரிசைப்படுத்தித் தந்தார்கள். அது ஓர் அடித்தளம். அதன்மீது திறனாய்வு என்னும் சுவரை எழுப்புவது பின்வந்தோர் கடமையாயிருந்தது. நாமோ அவ்வரிசையையே சுருக்கிச் சுருக்கி எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஊர்ப்பெருமை எழுதுவோருக்கு வேறு சில கவலைகள் உண்டு. மார்க்கோ போலோ கண்ட காயல் எங்கள் காயலே என்று நிறுவுவது அவற்றுள் ஒன்று. அது பொருநையாற்றின் கழிமுகத்தை அடுத்த பழையகாயலே என்று கால்டுவெல் 1881ஆம் ஆண்டு வெளிவந்த தம் திருநெல்வேலி வரலாற்றில் வாதிட்டிருக்கிறார். போலோ எந்தக் காயலில் இறங்கினாலும் காயல்பட்டினத்தின் பெருமை குறைந்துவிடாது. மற்றொரு கவலை, பெரியோர் எந்த ஊருக்குச் சொந்தம் என்பது. சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் 1632இல் காயலில் பிறந்தார்கள். 1703இல் மறைந்து கீழக்கரையில் அடங்கியுள்ளார்கள். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களும் 1816இல் காயலில் பிறந்து, கீழக்கரையில் தைக்கா சாஹிபின் மருமகனாகி, 1898இல் அங்கேயே மறைந்தார்கள். காயல்காரர் சேகனாப் புலவரோ எட்டயபுரத்தோடு தொடர்புடைய உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை 1842இல் அச்சேற்றினார். மரக்கலத்தோடு வாழ்ந்த ஊர்களின் மக்கள் ஓரிடத்தில் நில்லாதவர்கள். இவர் எங்களவர், அவர் உங்களவர் என்று பங்கு பிரிப்பதில் என்ன பயன்?

காசிம் புலவருக்கு வருவோம். அவர் சதக்கத்துல்லாஹ் அப்பாவின் மாணவர் என்பதும், அருணகிரிநாதரின் திருப்புகழைப் போல நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது பாட விரும்பியபோது கனவில் முதலடி அருளப்பெற்றார் என்பதும் மரபு. அருணகிரியாருக்கு முருகன் 'முத்தை' என்று முதற்சொல் எடுத்துக் கொடுத்தான் என்ற திருவண்ணாமலைக் கதையின் சாயல் இதில் தெளிவாகவே தெரிகிறது. சாயல் இருப்பதனால் நமக்கு இழுக்கில்லை. ஆனால் கனவோடு கதை முடிந்துவிடுவதுதான் இழப்பு. முதலடி அருளப்பட்டது என்றே கொண்டாலும், எஞ்சிய அடிகளை எழுதிய உழைப்பு யாருடையது? அந்த உழைப்பின் கடுமையை உணர, அரபு யாப்பும் சந்த யாப்பும் எங்கே பிரிகின்றன என்று பார்க்க வேண்டும்.

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் கலீல் இப்னு அஹ்மத் வகுத்த பதினைந்து பஹ்ருகளும், பின்னர் சேர்ந்த பதினாறாவதும் இரண்டே கூறுகளால் ஆனவை: உயிர்க்குறி பெற்ற எழுத்து, பெறாத எழுத்து, அதாவது முதஹர்ரிக், ஸாகின். 'மக்' என்பதும், 'அல்' என்பதும், 'உம்' என்பதும், 'மா' என்பதும் அங்கே ஒரே நிறையுடைய ஸபபுன் கஃபீஃப்தான். நின்ற ஒற்று வன்மையானதா மென்மையானதா என்று அரூள் கேட்பதில்லை. நெடிலின் இழுப்பைக்கூட ஓர் ஒற்றாகவே எண்ணிவிடுகிறது. தமிழின் இயல்பான யாப்பும் ஏறத்தாழ இப்படித்தான். குறிலொற்றும் நெடிலும் இரண்டுமே நேரசை.

சந்தம் அவ்வாறு விடாது. தண்டபாணி சுவாமிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வண்ணத்தியல்பில் இலக்கணமாக வரைந்து வைத்தாரே, அந்தத் தத்த, தாத்த, தந்த, தாந்த, தன, தான, தன்ன, தய்ய என்னும் எட்டும் ஒலியின் அளவை மட்டுமன்றி ஒலியின் இனத்தையும் கேட்கின்றன. மேற்சொன்ன நான்கையும் அத்தராசில் வைத்துப் பாருங்கள். 'மக்கா' தத்தா ஆகிறது. 'அல்லா' தய்யா ஆகிறது. 'உம்மத்து' தன்னத்த ஆகிறது. 'மா' என்பது தா. அரபுப் புலவன் ஒன்றென எண்ணும் நான்கு, சந்தப் புலவனுக்கு நான்கு வேறு அச்சுகள். முதல் அடியில் 'தத்தா' வந்த இடத்தில் அடுத்த அடியிலும் வல்லொற்றே வர வேண்டும். பாட்டு முடியும்வரை அதற்கு விடுதலை இல்லை. 'நபி' எளிது, எங்கும் தன என்று நுழையும். 'முகம்மது' தனன்னன, அதன் மெல்லொற்றுக்கு இணையாக ஒவ்வொரு அடியிலும் ஒரு தமிழ்ச்சொல்லைத் தேடி நிறுத்த வேண்டும். அரபு மதரஸாவில் ஓதிய ஒருவர் தாம் கற்ற யாப்பைவிடக் கடினமான ஒன்றைத் தாமே தேடிப்போய் எடுத்துக்கொண்டிருக்கிறார். இதனை ஊர் மலர்கள் 'அருணகிரிநாதரைப் பின்பற்றிப் பாடினார்' என்று கடந்துபோவதைப் படிக்கும்போது மனம் வருந்துகிறது.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படுவதுண்டு. முருகனைப் பாடிய வடிவில் நபியவர்களைப் பாடுவது தகுமா? மார்க்கப் பற்றுள்ள இளைஞர்கள் என்னிடம் நேர்மையாகவே கேட்டிருக்கிறார்கள். அவர்களை எள்ளி நகையாட நான் ஒருப்படேன். ஆனால் கஅப் இப்னு ஸுஹைர் (ரழி) அவர்களின் 'பானத் ஸுஆத்' எவ்வாறு தொடங்குகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். பிரிந்து சென்ற காதலியை நினைந்து ஏங்கும் நஸீப். பின்னர் ஒட்டக வருணனை. அதன் பின்னரே அண்ணலாரின் புகழ். முழுக்க முழுக்க ஜாஹிலிய்யாக் காலத்துக் கஸீதாவின் கட்டமைப்பு. அதைக் கேட்ட அண்ணலார் (ஸல்) வடிவத்தைக் கண்டிக்கவில்லை. தம் மேலாடையைப் போர்த்தினார்கள் என்றே வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வடிவம் எந்தக் கொள்கைக்கும் தனியுடைமை அன்று என்பதற்கு இதைவிட வலுவான சான்றை நான் அறியேன். மேலும், இது ஒருவழிப் போக்குவரத்தும் அன்று. பதினைந்தாம் நூற்றாண்டைச் சார்ந்த அருணகிரியாரின் திருப்புகழில் 'சலாம்' என்ற நம் சொல் இடம்பெற்றிருக்கிறது. அண்ணாமலைக்காரர் காயலின் சொல்லை எடுத்தார். காயல்காரர் அண்ணாமலையின் ஓசையை எடுத்தார்.

இனி, என் சொந்தப் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மதரஸாவில் பட்டம் பெற்று வந்த புதிதில், பழைய துதிப்பாடல் நூலொன்றில் 'அகுமது' என்று அச்சாகியிருந்ததைக் கண்டு, அறியாமை என்று எண்ணிப் பென்சிலால் 'அஹ்மது' எனத் திருத்தினேன். அந்நூல் முழுவதும் அவ்வாறே திருத்தி வைத்திருந்தேன். அரபு உச்சரிப்பைப் பொறுத்தவரை நான் செய்தது சரி. ஆனால் 'அகுமது' தனனன என்று நான்கு குறிலாக நடக்கும் சொல். 'அஹ்மது' என்றாக்கியபோது ஒரு குறில் ஒற்றாகிவிட்டது. அவ்வொற்றோ வல்லினம், மெல்லினம், இடையினம் எதிலும் அடங்காதது. சந்தத்தில் அதற்கு இருக்கையே இல்லை. முன்னோர் அரபு தெரியாமல் 'அகுமது' என்று எழுதவில்லை. அரபு தெரிந்தே தமிழின் ஓசைக்காக அவ்வாறு எழுதினார்கள். திருத்தம் என்ற பெயரில் அவர்கள் கட்டிய சுவரிலிருந்து நான் கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தேன். இன்று பழைய நூல்களை மறுபதிப்புச் செய்ய முன்வருவோரிடமும் இந்த ஆர்வம் இருக்கக்கூடும். அரபு வடிவத்தை ஓரத்தில் தரலாம். பாட்டுக்குள் கை வைக்கலாகாது. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் சந்தக் குழிப்பைத் தருவது அதைவிட இன்றியமையாதது.

காயலில் பிறந்த நூல்களெல்லாம் மறக்கப்படவில்லை. வித்ரிய்யா கஸீதாவின் ஒவ்வொரு பைத்தோடும் மூன்று அடிகள் சேர்த்து ஐந்தடியாக்கிய சதக்கத்துல்லாஹ் அப்பாவின் தக்மீஸ் வாழ்கிறது. ஏனெனில், அதனைக் கூடியமர்ந்து ஓதும் மஜ்லிஸ் இருக்கிறது. அரபு அகரவரிசையில் நடக்கும் உமர் வலியுல்லாஹ் அவர்களின் 'அல்லஃபல் அலிஃப்' ஓதுவோர் நாவில் நிற்கிறது. காசிம் புலவரின் நூலுக்கு அத்தகைய சபை வாய்க்கவில்லை. சந்தப்பா கண்ணுக்குரியது அன்று; தாளம் போட்டுப் பாடும் தொண்டை இல்லையென்றால் அது ஏட்டில் கிடக்கும் கடுஞ்சொற் கோவையாகிவிடும்.

அருணகிரியாரின் நூலுக்கும் ஒரு காலத்தில் இதே நிலைதான் இருந்தது. 1871இல் சிதம்பரம் தீட்சிதர்கள் தொடர்பான வழக்கொன்றில் சான்றாகக் காட்டப்பட்ட ஒரு திருப்புகழ்ப் பாட்டு, நீதித்துறையில் பணிபுரிந்த வ.த. சுப்பிரமணிய பிள்ளையின் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. அலுவல் காரணமாக மாற்றலாகிப் போன ஊர்தோறும் அவர் ஏடுகளைத் தேடித் தொகுத்து, 1894இல் முதற்பகுதியையும் 1901இல் இரண்டாம் பகுதியையும் வெளியிட்டார். அவர் மகனார் வ.சு. செங்கல்வராய பிள்ளை உரையெழுதினார். கார்த்திகைக் காற்றில் என் வீட்டுவரை வரும் பாட்டு, அந்த முன்சீப் நடந்த நடையினால் எனக்குக் கிடைத்தது.

சென்ற கல்வியாண்டில் அரூள் பாடம் முடிந்த ஒரு நாள், பலகையில் ஒரு பக்கம் முஸ்தஃப்இலுன் ஃபாஇலுன் என்றும், மறுபக்கம் தத்த தந்த தன்ன தய்ய என்றும் எழுதி, காசிம் புலவரின் பாட்டொன்றைப் படிக்கச் சொன்னேன். முதன்முறை உரைநடைபோலப் படித்தார்கள், எங்கும் தடுக்கியது. மேசையில் விரலால் தாளமிட்டு, பொருளைத் தேடாதீர்கள், குழிப்பை மட்டும் சொல்லுங்கள் என்றேன். மூன்றாம் முறை, கடைசி வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் மூச்சுவிடாமல் ஓரடி முழுவதையும் சொல்லி முடித்துவிட்டு, "உஸ்தாத், இது தானாகவே ஓடுகிறதே!" என்றார்.