யூலிக் வாரிசுரிமைப் பிணக்கு: மதமும் மண்ணும்

முப்பதாண்டுப் போர் பற்றிய நூல்கள் பலவற்றில் யூலிக்-கிளேவ் வாரிசுரிமைப் பிணக்கு ஒரு முன்குறிப்பாகவே இடம்பெறுகின்றது. சித்தசுவாதீனமற்ற கோமகன் ஒருவன் மகவின்றி இறந்தான். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் அவனது நாட்டுக்காக மோதினர். 1618இல் மூளவிருந்த பெரும் போருக்கு அது ஒத்திகையாயிற்று என்பதே இந்நூல்கள் தரும் சித்திரம். இது முற்றிலும் பிழையானதன்று. ஆயின், பிணக்கின் வேரை இச்சித்திரம் மறைத்துவிடுகின்றது.

கோமகன் யொகான் வில்ஹெல்ம் 1609 மார்ச் 25ஆந் திகதி இறந்தபோது யூலிக், கிளேவ், பேர்க், மார்க், ராவன்ஸ்பேர்க் ஆகிய பிரதேசங்கள் உரியவனின்றி நின்றன. இவற்றுட் பெரும்பகுதி கீழ் றைன் பிரதேசத்தில், ஒல்லாந்தின் எல்லையோரமாகக் கிடந்தது. இரு வாரங்களின் பின், ஏப்ரில் 9ஆந் திகதி, ஸ்பெயினும் ஒல்லாந்தும் பன்னீராண்டுப் போரோய்வுக்கு உடன்பட்டன. இத்தகைய நிலப்பரப்பு எவர் கையிற் சேரும் என்பதை அயலார் வாளாவிருந்து பார்த்திருப்பரென எதிர்பார்க்க முடியாது.

கோமகனின் நோயை மட்டும் பேசுவோர், அந்நோயின் நிழலில் ஆட்சி நடத்தியவர்களை மறந்துவிடுகின்றனர். 1585இல் அவன் மணந்த யக்கோபேயா மீது 1595இல் ஒழுக்கக்கேட்டுக் குற்றஞ் சுமத்தப்பட்டது. சுமத்தியவள் கோமகனின் சகோதரி சிபில். அவளுக்குத் துணைநின்றோர் அரசவை ஆலோசகர்கள். சிறைவைக்கப்பட்ட யக்கோபேயா 1597இல் ஒரு காலை தன் அறையில் இறந்து கிடந்தாள். 1599இல் நிகழ்ந்த இரண்டாம் திருமணமும் மகவைத் தரவில்லை. பிள்ளையின்மைக்கு முதலில் விலைகொடுத்தவள் ஒரு பெண் என்பதை முன்குறிப்பு எழுதுவோர் பெரும்பாலும் எழுதுவதில்லை.

உண்மையிற் பிணக்கைப் பெற்றெடுத்தவை பேரரசர்கள் வழங்கிய ஆவணங்களே. 1483இல் சக்சனிக்கு யூலிக், பேர்க் ஆகியவற்றின் எதிர்கால உரித்து வாக்களிக்கப்பட்டது. 1546இல் ஐந்தாம் சார்ள்ஸ், ஆண் வாரிசு அற்றுப்போகுமிடத்துப் பெண்வழி உரிமைக்கு இடமளித்தான். ஒரே காணிக்கு இருவர் பெயரில் உறுதி எழுதிய கதை இது. மூத்த சகோதரி மரி எலியொனோரா 1608இல், தம்பிக்கு முன்பே, பெண்மக்களை மட்டும் விட்டு இறந்தமை சிக்கலை மேலும் இறுக்கியது. அவளுடைய மகள் அன்னாவை மணந்திருந்த பிராண்டன்பேர்க் ஆட்சியாளன் யொகான் சிகிஸ்முண்ட் மூத்தவழியைக் காட்டினான். உயிரோடிருந்த இரண்டாம் சகோதரியின் மகனாகிய நொய்பேர்க்கின் வொல்ப்காங் வில்ஹெல்ம் தன் தாயின் உரித்தைக் காட்டினான். இவ்விருவரும் லூதரன் மதத்தினர் என்பதே ஊன்றி நோக்கவேண்டிய செய்தி. சக்சனியும் அம்மதத்தைச் சார்ந்ததே.

பேரரசன் தலையிடுமுன் முந்திக்கொள்ள விரும்பிய இருவரும் 1609 யூனில் டோர்ட்மண்டில் உடன்பட்டு நாட்டைக் கூட்டாகக் கைப்பற்றினர். பேரரசனின் பெயரால் லியோபோல்ட் யூலிக் கோட்டையைப் பிடித்தான். தலையிடத் தயாரான பிரான்சிய மன்னன் நான்காம் ஹென்றி 1610 மே மாதத்திற் கொலையுண்டான். செப்ரெம்பரிற் கோட்டை ஒல்லாந்து, பிரான்சு முதலியவற்றின் படைகளிடம் வீழ்ந்தது. பின்னர் கூட்டாளிகளே பகைவராயினர். வொல்ப்காங் வில்ஹெல்ம் 1613இல் கத்தோலிக்கம் தழுவி பவேரிய இளவரசியை மணந்தான். அதே ஆண்டு நத்தார் தினத்தில் யொகான் சிகிஸ்முண்ட் கல்வினியத்தை ஏற்றான். முன்னவனுக்கு ஸ்பெயினும் பின்னவனுக்கு ஒல்லாந்தும் துணையாயின. 1614 நவம்பரிற் சாந்தனில் நாடு பங்கிடப்பட்டது: யூலிக்கும் பேர்க்கும் நொய்பேர்க்குக்கு, ஏனையவை பிராண்டன்பேர்க்குக்கு. அப்பங்கீடு 1666இலேயே இறுதியாயிற்று.

இதைக் கண்டு, மதம் மண்ணாசைக்கு இட்ட முகமூடி என முடிவுகட்டுவது எளிது. பொருளியல் அடிப்படையில் வரலாற்றை நோக்குவோரிற் சிலர் அவ்வாறே செய்வர். வொல்ப்காங் வில்ஹெல்முக்கு இவ்விளக்கம் ஓரளவு பொருந்தும். பிராண்டன்பேர்க்கில் அது இடறுகின்றது. கல்வினியம் அங்கே ஆட்சியாளனுக்கு ஆதாயத்தோடு இடரையும் கொணர்ந்தது. 1615இல் பேர்லினிற் கலகம் மூண்டது. லூதரன் குடிகள் தம் மதத்திலேயே நிலைக்கலாம் என அவன் உறுதியளிக்க நேர்ந்தது. ஆள்வோனின் மதமே குடிகளின் மதம் என்ற 1555ஆம் ஆண்டு நியதி, குடிகளின் எதிர்ப்பின் முன் தளர்ந்தது. நொய்பேர்க்கிலோ நிலை வேறு: 1614இல் தந்தை இறந்தபின் வொல்ப்காங் வில்ஹெல்ம் குடிகளைக் கத்தோலிக்கத்துக்குத் திருப்பினான். முகமூடி என்ற சொல் இவ்வேறுபாட்டை விளக்காது. யூலிக் உரித்தைக் கணவனுக்குக் கொணர்ந்த அன்னாவும் அவனைப் பின்பற்றவில்லை. 1625இல் இறக்கும்வரை அவள் லூதரனாகவே இருந்தாள்.