துறைமுகக் குமாஸ்தா

மேதைகளின் சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேதை வயிற்றுப்பாட்டுக்காகப் பார்த்த உத்தியோகத்தைக் கிரகணமாகப் பாவித்து, அது விட்டதும் ஸ்நானம் செய்துவிட்டுப் புறப்பட்டுவிடுவார்கள். கணித மேதை ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த 14 மாதங்களுக்கு இந்தக் கதி அடிக்கடி நேர்ந்திருக்கிறது. 2015-இல் வந்த ஆங்கிலப் படத்தில் துறைமுகம் வருகிறது. ஆனால் படத்தின் மனசெல்லாம் கேம்பிரிட்ஜில். ராபர்ட் கனிகல் 1991-இல் எழுதிய 'தி மேன் ஹூ நியூ இன்பினிட்டி' அப்படி அல்ல. அந்தத் தடித்த புஸ்தகத்தில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது துறைமுகப் பகுதியைத்தான்.

ராமானுஜன் எப்.ஏ. பரீட்சையில் தவறியவர். நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து வந்தார். அதை வாங்கிக்கொண்டு வீட்டிலே கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கலாம். பிறர் தயவில் காலம் தள்ளப் பிடிக்காமல், 1912 மார்ச் 1-ந் தேதி துறைமுகக் கணக்குப் பிரிவில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார். லாபம் ஐந்தே ரூபாய்! அந்த ஐந்து ரூபாயில் ஒரு நாவல் இருக்கிறது. கனிகல் அதைச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார்.

கணக்குப் போடத் தாள் இல்லாமல் துறைமுகத்தில் சிப்பம் கட்டும் காகிதத்தைத் தேடி அலைந்தது, மேலதிகாரி நாராயண ஐயரோடு இரவில் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்தது எல்லாம் புஸ்தகத்தில் உயிரோடு இருக்கின்றன. 1913 ஜனவரி 16-ந் தேதி ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், தாம் ஒரு குமாஸ்தா என்பதையும் சம்பளத்தையும் சொல்லிவிட்டுத்தான் கணிதத்துக்கு வருகிறார். அந்த மே மாதம் முதல், பட்டமில்லாத இந்த மனிதருக்குச் சென்னை சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் தந்தது.

நீலகிரியில் ஜெகதளாவைச் சேர்ந்த ஓர் இளைஞரிடம் இதைப் படிக்கக் கொடுத்தேன். அருவங்காட்டில் ஓர் ஆபீஸில் கடைசிப் படி உத்தியோகம், எம்.எஸ்ஸி. கணிதம் படிக்க வேண்டும் என்று திட்டம். துறைமுகப் பகுதி முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்.

"மேலதிகாரியே கணித எம்.ஏ.வாக இருந்தால் யார்தான் சார் படிக்க மாட்டாங்க? நான் படிக்கிறேன்னு எங்க ஆபீஸ்ல தெரிஞ்சா பரீட்சைக்கு லீவுகூடக் கிடைக்காது!"

இந்தப் புஸ்தகத்தைப் பற்றி நான் கேட்ட விமரிசனங்களில் இதுதான் சிறந்தது. நாராயண ஐயர், துறைமுகத் தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் என்று வரிசையாக வரும் ஆதரவாளர்களின் ஒளியில் கனிகலுக்குக் கண் கொஞ்சம் கூசித்தான் போகிறது. ஆதரவாளரே இல்லாத மேஜைகள்தான் நாட்டில் அதிகம்.

ஆனாலும் இளைஞர் வேகமாகப் புரட்டிவிட்ட ஓர் இடம் உண்டு. ஹார்டிக்கு முன்பே கேம்பிரிட்ஜில் வேறு இருவருக்கு ராமானுஜன் எழுதிப் பார்த்தார், பலனில்லை. அதில் நாராயண ஐயரோ ஸ்பிரிங்கோ செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அதற்கப்புறமும் பகலெல்லாம் துறைமுகத்துக் கணக்கை எழுதிவிட்டு, மறுபடியும் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தாரே, அங்கே கனிகல் இன்னும் நாலு பக்கம் தங்கியிருக்கலாம்.