செட் ஆனதும் ஆகாததும்

ஆலத்தியூரில் சித்தி வீட்டு மாடிக்குக் கான்கிரீட் போட்ட அன்று, ஒரு சொல் எத்தனை தடவை காதில் விழுகிறது என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். 1997இல் ராம்கோவின் சிமெண்டு ஆலை ஓடத் தொடங்கிய ஊர். இங்கே சிறுவர்களுக்குக்கூடக் கலவைப் பேச்சு அத்துப்படி. மட்டப்பலகை இழுத்து முடித்த கொத்தனார் ஈரத்தளத்தின் ஓரத்தில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தார். ரேகை பதிந்தது. "இன்னும் செட் ஆகல. யாரும் மேல ஏறாதீங்கக்கா" என்றார். கீழே, விடுமுறைக்கு வந்திருந்த தம்பிக்கு விடுதிச் சாப்பாடு செட் ஆகவில்லையாம். பக்கத்து வீட்டுப் பையனுக்கு இன்னும் பொண்ணு செட் ஆகவில்லை என்றாள் சித்தி. கோயில் பக்கம் மைக் செட் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் நாங்கள் குளிக்கப் போனது பம்புசெட்டுக்கு.

ஆங்கிலத்திலேயே இது அடங்காத சொல்தான். 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் 2ஆம் பதிப்பு இதற்கு 430 பொருள் கொடுத்தது. பிறகு நடந்த திருத்தத்தில் 'ரன்' முந்திக்கொண்டது வேறு கதை. வைத்தல் என்ற பொருளுள்ள பழைய ஆங்கில வினை ஒரு பக்கம், கூட்டம் என்ற பொருளில் பிரெஞ்சு வழி வந்த பெயர் இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே ஒலியில் வந்து விழுந்து ஒன்றாகிவிட்டன.

அதே வேலையைத் தமிழும் செய்திருக்கிறது. பம்புசெட் என்றால் மோட்டாரும் பம்பும் சேர்ந்த சாதனம் என்றுதான் பொருள் இருக்க வேண்டும். ஆனால் பம்புசெட்டில் குளித்தேன், பம்புசெட்டில் படுத்தேன் என்கிறோம். மோட்டாருக்குள் யாரும் படுப்பதில்லை. கொட்டகையைக் குறிக்கும் 'ஷெட்' நம் வாயில் செட்டாகி, சாதனத்தோடு இடமும் தொட்டியும் ஒரே சொல்லுக்குள் வந்துவிட்டன என்றே நினைக்கிறேன். இதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெள்ளைக்காரனிடம் இல்லாத ஒரு சொல்லை நம் கிணற்றடி உண்டாக்கியிருக்கிறது.

சொல் ஒன்று, பொருள் பல என்பது நமக்குப் புதிதும் அல்ல. திவாகர நிகண்டு அதற்கென்றே ஒரு தொகுதி ஒதுக்கியது. தொல்காப்பியம் இன்னும் நுட்பமாக, பல பொருள் தரும் ஒரு சொல்லை அதன் வினை பிரித்துக் காட்டிவிடும் என்கிறது. மா பூத்தது என்றால் மரம், மா ஓடியது என்றால் விலங்கு. இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள்: மைக் செட் கட்டுகிறோம், சினிமாவுக்கு செட் போடுகிறோம், கூட்டாளியோடு செட்டு சேர்கிறோம், ஓட்டலில் செட் தோசை சொல்கிறோம். நம் வினை பக்கத்தில் நிற்கும்வரை குழப்பமே இல்லை. இந்தப் பெயர்களுக்கெல்லாம் தனித்தமிழ் செய்து மாள வேண்டியதில்லை. மைக்செட்காரரை 'ஒலிபெருக்கித் தொகுதியாளர்' என்று கூப்பிட்டால் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். தேவை இருந்த இடத்தில் தமிழ்ச்சொல் வந்து நிலைத்தும் இருக்கிறது. 9ஆம் வகுப்புக் கணக்கில் முதல் பாடமே கண மொழிதான். அங்கே 'கணம்' என்பதை எந்தப் பிள்ளையும் முணுமுணுக்காமல் படிக்கிறது.

என் வழக்கு 'செட் ஆகு' மீதுதான். அதிலும் கொத்தனாரை முதலில் விடுவித்துவிட வேண்டும். மறுநாள் காலை அவர் தளத்தை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "செட் ஆயிடுச்சு. இறுகுறதுக்குத்தான் நாளாகும், பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துங்க" என்றார். இரண்டு நிலை, இரண்டு சொல். ஆய்வுக்கூடத்திலும் இதே பிரிவுதான். விக்கா கருவியின் ஊசியைச் சிமெண்டுக் குழைவில் இறக்கிப் பார்ப்பார்கள். சாதாரண சிமெண்டு 30 நிமிடத்துக்கு முன் செட் ஆகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் ஆகி முடிய வேண்டும். சட்டென்று பிடித்துவிடாமல் இருக்கத்தான் ஜிப்சம் சேர்க்கிறார்கள். வலிமை ஏறுவது வேறு, அதை 28 நாள்வரை சோதிக்கிறார்கள். பாடப்புத்தகத்தின் 'கெட்டிப்படுதல்' இந்த வேறுபாட்டை ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. கொத்தனார் குழப்பவில்லை.

மற்றவர்கள் வாயில் அதே சொல் என்ன ஆகிறது? தம்பியிடம் துருவிக் கேட்டேன். சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா, நாக்குக்குப் பிடிக்கவில்லையா, இன்னும் பழகவில்லையா? யோசித்துவிட்டு, "தெரியலண்ணே, செட் ஆகல, அவ்வளவுதான்" என்றான். ஒத்துக்கொள்வது, பிடிப்பது, பழகுவது, பொருந்துவது, அமைவது, வாய்ப்பது, படிவது, உறைவது. இத்தனை வினைகளும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க, ஒரு கூலியாள் எல்லா வேலையையும் அரைகுறையாகச் செய்கிறான். போன மாதம் ஒரு வீட்டில் 'தயிர் செட் ஆகல' என்று கேட்டபோது எனக்கு உறை மோரே நினைவுக்கு வந்து நின்றது.

சோம்பல் மட்டும் காரணமல்ல. இந்தச் சொல்லில் ஒரு வசதி இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் யாருக்கு என்று கேள்வி வரும். பொருந்தவில்லை என்றால் எது எதோடு என்று வரும். செட் ஆகல என்றால் யார் மேலும் பழி இல்லை, மழை பெய்யாதது மாதிரி தானாக நடந்தது. மனசு நோகாமல் விலகிக்கொள்ள இது உதவுகிறது, மறுக்கவில்லை. மறைக்கவும் அதே அளவு உதவுகிறது.

கிளம்பும்போது சித்தியிடம் பக்கத்து வீட்டுப் பையன் விஷயத்தைத் திரும்ப எடுத்தேன். "பொண்ணு செட் ஆகலன்னா என்ன சித்தி? சாதகம் பொருந்தலையா, பொண்ணுக்குப் பிடிக்கலையா?"

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே குரலைத் தணித்தாள். "அதெல்லாம் பொருந்துச்சுடா. பொண்ணுக்கும் பிடிச்சுதான் இருந்துச்சு. இவங்க கேட்ட நகை அவங்களுக்குக் கட்டுப்படியாகல."