தட்டு முந்தியா, பாட்டு முந்தியா?

தமிழ் ஹிப் ஹாப் பற்றி யார் எழுதினாலும் இரண்டாம் பத்திக்குள் அருணகிரிநாதர் வந்துவிடுகிறார். திருப்புகழின் சந்தத்தைக் காட்டி, பதினைந்தாம் நூற்றாண்டிலேயே நம்மிடம் ராப் இருந்தது என்று ஆரம்பித்தால் கைதட்டல் நிச்சயம். பட்டிமன்ற மேடை முதல் பாடகர்களின் பேட்டி வரை இப்போது இதுதான் பேச்சு. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறு. சந்தம் வாயில் பிறப்பது. ஹிப் ஹாப் டிஜேயின் கையில் பிறந்தது.

1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸ். தங்கை ஏற்பாடு செய்த கொண்டாட்டத்தில் தட்டுப் போட்டவர் ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க். பாட்டு ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்குத்தான் கூட்டம் எழுந்து ஆடுகிறது என்பதைக் கவனித்தவர் அவர். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, அந்த நொடிகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு நிமிடங்களாக நீட்டினார். மைக்கில் பேசியவர்கள் அதற்குத் துணை, அவ்வளவே. 1979-ல் 'ராப்பர்ஸ் டிலைட்' பெருவெற்றி பெற்றபோது அதில் டிஜேயே இல்லை. ஸ்டுடியோ வாத்தியக்காரர்கள் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அன்றிலிருந்து ராப்பருக்கு முகம், டிஜேக்கு முதுகு.

நம் மண்ணில் இதற்கு மூதாதை வேண்டுமென்றால் அருணகிரிநாதரின் திருவண்ணாமலைக்குப் போக வேண்டாம், சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரிக்கு வந்தால் போதும். சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில் வைகாசித் திருவிழாவானாலும் பக்கத்து ஊர்க் காதுகுத்தானாலும், ஒரு தலைமுறைக்கு முன்பு வரை இந்த வட்டாரத்தின் இசையைத் தீர்மானித்தவர் ரேடியோ செட்காரர். மரத்தின் உச்சியில் குழாயைக் கட்டி, அகுஜா ஆம்ப்ளிஃபையரைச் சூடேற்றி, சீர்காழியின் பிள்ளையார் பாட்டில் தொடங்குவார். எந்த நேரத்தில் எம்.ஜி.ஆர். பாட்டு, எந்தத் தெருவுக்கு எது ஆகாது, எதைப் போட்டால் சண்டை வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தட்டைப் பின்னுக்கு இழுத்துத் தேய்த்துப் பார்க்க மட்டும் அவர் துணியவில்லை. ஊசி போனால் கூலி போயிற்று.

இதே மாவட்டத்துச் செட்டிநாட்டில்தான் ஏவி.எம். மெய்யப்பன் காரைக்குடிக் கடையில் கிராமபோன் தட்டு விற்றுத் தொழில் கற்றார். சென்னைக்குப் போய் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாகத் தட்டுகளே வெளியிட்டார். ஆனாலும் இங்கே இசை என்றதும் சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன்தான் முதலில் நினைவுக்கு வருகிறார். வரி எழுதியவருக்கு விழா எடுப்போம். தட்டு விற்றவர் முதலாளியாக மட்டுமே நினைவில் நிற்பார்.

1994-ன் 'பேட்டை ராப்' திரைப்பாட்டு எல்லோருக்கும் தெரிந்தது, அதைத் தாண்டிவிடலாம். தமிழ் ஹிப் ஹாப்பின் உண்மையான தொடக்கம் மலேசியாவில். பொயட்டிக் அம்மோ குழுவிலிருந்து வந்த யோகி பி, நட்சத்ராவோடு சேர்ந்து 2006-ல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பின் 'மடை திறந்து'வைச் சொற்களை மறந்துவிட்டுக் கேட்க வேண்டும். 'நிழல்கள்' (1980) படத்தில் அது வேலையில்லாத ஓர் இசைக்கலைஞன் காணும் கனவு. அந்தக் கனவை எடுத்து, அடியில் கனத்த டிரம்ஸைப் போட்டு, கோலாலம்பூர் இளைஞனின் சவாலாக ஆக்கிவிட்டார்கள். இளையராஜாவின் பாட்டை நினைவாக மட்டும் வைத்திராமல் மூலப்பொருளாகப் பார்த்த துணிச்சல் அது. ஹெர்க் செய்ததும் இதைத்தான்.

அதே துணிச்சல் லண்டனில் இன்னும் கூர்மையாக இருந்தது. எம்.ஐ.ஏ. என்ற மாயா அருள்பிரகாசத்தை அரசியலுக்காகத் திட்டியோ புகழ்ந்தோ எழுதியவர்கள் ஏராளம். கடன் வாங்கிய ரோலண்ட் எம்.சி. 505 பெட்டியில் தானே தாளம் கட்டி 'அருளர்' (2005) தொகுப்புக்கு அவர் அடித்தளமிட்டது பற்றி எழுதியவர்கள் சிலரே. தாயின் பெயரில் வந்த 'கலா' (2007) இன்னும் மேல். அதன் முதல் பாட்டான 'பாம்பூ பங்கா'வில் 'தளபதி'யின் காட்டுக்குயிலு வெட்டுப்பட்டுத் திரும்பத் திரும்ப வருகிறது. 'பர்ட் ஃப்ளூ'வில் உறுமி, சினிமாவில் வரும் ஊர்த் திருவிழாக் காட்சியின் அலங்காரமாக இல்லாமல், பாட்டின் முதுகெலும்பாகவே நிற்கிறது. நாற்பது ஆண்டுத் திரையிசை உறுமிக்குக் கொடுக்காத மரியாதை.

பிறகு வந்தது சலிப்பு. ஹிப்ஹாப் தமிழா என்பது இருவரின் பெயர். ஆதியை எல்லோருக்கும் தெரியும்; ஜீவாவை? 2012-ன் 'ஹிப் ஹாப் தமிழன்' தொகுப்பிலிருந்து 'ஆம்பள'வின் (2015) இசையமைப்பாளர் நாற்காலிக்கும், அங்கிருந்து 'மீசைய முறுக்கு'வின் (2017) நாயகன் இடத்துக்கும் ஆதி போன வேகத்தில், தமிழ்ப் பெருமை வளர்ந்தது, பீட் நின்ற இடத்திலேயே நின்றது. சினிமா எதையும் விழுங்கும். ஹிப் ஹாப்பை மென்றுகூடப் பார்க்கவில்லை.

2018 ஜனவரியில் பா. இரஞ்சித்தின் முயற்சியில், டென்மாவின் இசைப்பொறுப்பில் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், பறையும் கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில் நிற்க முடியும் என்று காட்டியது. அடுத்த ஆண்டே 'தெருக்குரல்' தொகுப்பு வந்தது. அதில் ராப்பர் அறிவின் வரிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய பத்திரிகைகளில், பீட் கட்டி அட்டையில் அவருக்குச் சமமாகப் பெயர் பெற்ற ஆஃப்ரோவுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு வரி. அந்த அலட்சியத்துக்கான விலை 2022-ல் தெரிந்தது. 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டு தன் ஆக்கம், மெட்டோ சொல்லோ யாரும் தரவில்லை என்று அறிவு எழுத, இசைக்கோவையிலும் தயாரிப்பிலும் தன் பங்கை இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் விளக்க, இணையம் இரண்டாகப் பிரிந்து நின்றது. சாதி, முதலாளி, விசுவாசம் என்று எல்லாம் பேசப்பட்டன, பேச வேண்டியவைதான். ஆனால் ஒரு பாட்டில் பீட் கட்டுவது எத்தனை பங்கு வேலை என்ற கேள்வியைத் தொட ஆளில்லை. தொட்டுப் பழகியிருந்தால்தானே?

டொரொண்டோவில் யாஞ்சன் வேறு வழி காட்டினார். 'மிருதங்கம் ராப்ஸ்' வரிசையில் ஷான் வின்சென்ட் டி பால் ராப் செய்ய, பக்கத்தில் அமர்ந்து மிருதங்கம் வாசிப்பவர் யாஞ்சனே. ராப்பருக்குச் சமமாகப் படச்சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார் பீட்காரர்.

இங்கே பீட் கட்டுபவர்கள் அடுத்து எதை வெட்டி எடுப்பார்கள்? இளையராஜாவின் பாட்டைத் தொட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்பதை 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படக்குழு கண்டுகொண்டது. அதனால் திரையிசைக்கு வெளியே போயாக வேண்டும். 'ஆண்பாவம்' (1985) படத்துக்கு முன்பே வானொலியில் பாடிய கொல்லங்குடி கருப்பாயி இதே சிவகங்கை மாவட்டத்துக்காரர். அவரைப் போன்றவர்களின் வானொலிப் பதிவுகளை முறையாக அனுமதி வாங்கி, பாடியவருக்கு உரிய பங்கைக் கொடுத்து, ஓர் இளம் தயாரிப்பாளர் லூப் செய்யட்டும். அட்டையில் பாடியவர் பெயரும் பீட் கட்டியவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் வரட்டும். ராப்பர் பிறகு வந்து சேர்ந்துகொள்ளலாம்.