மருட்கையும் ரசிகரும்: 'ஆர்கேன்' தொடரைக் காஞ்சி வட்டாரக் கூத்து மரபின்வழி வாசித்தல்

திறவுச்சொற்கள்: ரசிகர், தழுவல், மெய்ப்பாடு, மருட்கை, ஆக்கம், கட்டைக்கூத்து, கணினி விளையாட்டு

தமிழ்த் திறனாய்வில் 'ரசிகர்' என்னும் சொல் பெரும்பாலும் குறைமதிப்போடே வழங்கிவருகிறது. திறனாய்வாளர் விலகி நின்று மதிப்பிடுபவர். ரசிகரோ தம்மை இழந்து ஆரவாரிப்பவர் என்பது பரவலான எண்ணம். திரைநாயக வழிபாட்டை முன்வைத்து உருவான இவ்வெண்ணம், கணினி விளையாட்டிலிருந்து எழுந்த மீபுனைவுத் தொடர்களின் ரசிகர்க்கு அவ்வாறே பொருந்துவதில்லை. இவர்கள் ஒரு நடிகரைப் பின்தொடர்பவர்கள் அல்லர். ஒரு கதையுலகின் ஊர், பகை, உறவு, படைக்கலம் அனைத்தையும் முன்பே அறிந்துகொண்டு தொடரின் முன் அமர்பவர்கள்.

முன்பே அறிந்த கதையைக் காணச் செல்லும் இத்தகைய பார்வையாளர் தமிழ்நாட்டுக்குப் புதியவர் அல்லர். காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் 1993 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்று இயங்கிவருகிறது. கணினித்திரையோடு வளர்ந்த தலைமுறை அங்குப் பயில்கிறது. அதே வட்டாரத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின்போது பாரதக் கூத்து விடிய விடிய நிகழ்கிறது. 1990இல் தொடங்கப்பெற்ற கட்டைக்கூத்துச் சங்கம் இக்கலைக்கு அமைப்பு வடிவம் தந்தது. இவ்விரு பார்வையாளர்களும் ஒருவரையொருவர் அறியாதவர்களாகத் தோன்றினும், அவர்தம் சுவைப்புமுறை ஒன்றையொன்று விளக்கவல்லது.

'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' 2009இல் ரயட் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட இணைய விளையாட்டு. ஐவர் அணி இரண்டு மோதி எதிரியின் நிலையைத் தகர்ப்பதே அதன் ஆட்டம். கதை என்று சொல்லத்தக்கது ஆட்டத்துக்குள் இல்லை. வீரர்களின் பின்புலம் குறிப்புகளாகவும் உதிரி வசனங்களாகவும் மட்டுமே சிதறிக் கிடந்தது. அவற்றைத் திரட்டிக் கிறிஸ்டியன் லிங்க், அலெக்ஸ் யீ ஆகியோர் உருவாக்க, பாரிசைச் சேர்ந்த ஃபோர்டிஷ் கலைக்கூடம் வரைந்தளித்த 'ஆர்கேன்' 2021 நவம்பரில் நெட்பிளிக்சில் வெளியாயிற்று. 2022இல் சிறந்த அசைவூட்டத் தொடருக்கான எம்மி விருதையும் பெற்றது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் மருட்கைக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. மீபுனைவைப் பேசுவோர் பெரும்பாலும் முதலிரண்டோடு நின்றுவிடுகின்றனர். காணாதது கண்ட வியப்பும் பேருருவம் கண்ட வியப்பும் புதிதாய் வருவோர்க்கு உரியவை. ரசிகர்க்குப் புதுமை எங்கிருந்து வரும்? அவர்தம் வியப்பு நான்காவதாகிய ஆக்கத்தில், அதாவது ஒன்று பிறிதொன்றாய்த் திரிவதைக் காண்பதில் பிறக்கிறது. வெடிகுண்டும் சிரிப்புமாகத் திரியும் ஜிங்க்சை விளையாடுவோர் 2013 முதலே அறிவர். தொடரின் தொடக்கத்தில் அவள் பவுடர் என்னும் அஞ்சிய சிறுமி. அவள் என்ன ஆகப்போகிறாள் என்பது தெரியும். எவ்வாறு ஆனாள் என்பதற்கே ரசிகர் காத்திருக்கிறார். மூன்றாம் பகுதியில், உதவ எண்ணி அவள் எறிந்த குண்டு தோழர் இருவரின் உயிரைப் பறித்து, வளர்ப்புத் தந்தையின் முடிவுக்கும் வழிவகுக்கிறது. அக்கணம் தமக்கை வை அவள்மீது வீசும் வசைச்சொல்லே பின்னர் அவள் பெயராகிறது. 'ராசியில்லாதவள்' என்று பெண்ணைச் சுட்டும் வழக்கம் உள்ள சமூகத்துக்கு இக்காட்சியின் கூர்மையை விளக்கவேண்டியதில்லை. விளையாட்டில் வெறும் அடையாளமாக இருந்த பெயரைத் தொடர் காயமாக்கிக் காட்டுகிறது. தழுவலின் உண்மையான வெற்றி இதுவே. பலரும் வியந்து பேசும் ஓவியநுட்பம் இதற்கு அடுத்தபடியே வைக்கத்தக்கது.

'பகடைத் துகில்' கூத்தைக் காண அமர்வோர் நிலையும் இத்தகையதே. சூதில் தருமன் தோற்பான் என்பதும், அவிழ்ந்த கூந்தல் துரியோதனன் படுகளத்தன்று முடிக்கப்படும் என்பதும் ஊரில் அனைவர்க்கும் தெரியும். தெரிந்திருப்பது சுவையைக் குறைக்கவில்லை; அதுவே சுவைக்கு அடிப்படை. அபிமன்யு ஆண்டுதோறும் மடிகிறான். ஆண்டுதோறும் அழுகை எழுகிறது. இவ்விடத்தில் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. விளையாட்டில் வீழ்ந்த வீரர் சில நொடிகளில் மீண்டெழுவர். இறப்புக்கு அங்குப் பொருளில்லை. இறக்கவே இயலாத பாத்திரங்களுக்கு இறப்பின் அச்சத்தை அளித்ததன்வழித் தொடர் அவர்களை மாந்தராக்கியது.

ஆயினும் ரசிகரின் முன்னறிவு படைப்பாளியைச் சோம்பச் செய்வதும் உண்டு. 2024இல் வெளியான இரண்டாம் பருவம் பல கதையிழைகளை ஒன்பது பகுதிகளுக்குள் நெருக்கிச் செல்கிறது. விடுபட்ட இடங்களை ரசிகர் தம் அறிவால் நிரப்பிக்கொள்கிறார். நிரப்பியது தாம் என்பதை உணராமலே படைப்பைப் பாராட்டுகிறார். கூத்து இச்சிக்கலை நெடுங்காலத்துக்கு முன்பே தீர்த்துவிட்டது. கட்டியக்காரன், திரைக்குப்பின் நிற்கும் வேடத்தை நோக்கி யார், எவ்வூர், எதன்பொருட்டு வந்தாய் என வினவுகிறான். அறிந்தவர்க்கு அது நகை. அறியாதவர்க்கு அது வாயில். கட்டியக்காரனுக்கு இணையான ஓர் உறுப்பு இல்லாமையே இரண்டாம் பருவத்தின் பெருங்குறை. ரசிகரின் ஆரவாரத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்போர்க்கு இக்குறை புலப்படாது.

கதை யாருக்கு உரியது என்னும் வினா இதனினும் கடினமானது. கூத்தில் வாத்தியார் ஊரின் வேண்டுகோளுக்கும் இரவின் நீளத்துக்கும் ஏற்பக் கதையை விரிப்பார், சுருக்குவார். ஆயின் திரௌபதியின் சபதத்தை மாற்றும் உரிமை அவர்க்கு இல்லை. தீமிதிக்கக் காத்திருக்கும் ஊர் அதனை ஒருபோதும் ஏற்காது. 'ஆர்கேன்' உலகிலோ நிறுவனம் தொடரின் கதையையே அதிகாரப்பூர்வக் கதையாக அறிவித்தது. அதற்கிசைய 2025 தொடக்கத்தில் விளையாட்டினுள் விக்டர் என்னும் பாத்திரத்தின் உருவமும் மாற்றப்பட்டது. உலோக முகமூடியும் இயந்திரக் கையுமாக அவனை ஆண்டுக்கணக்கில் ஆடிவந்தோருள் பலர் இதனை எதிர்த்தனர். அவர்தம் எதிர்ப்பைப் பழமைப்பற்று என ஒதுக்குவது எளிது. ஆனால் அவர்கள் கேட்டது, தங்கள் கைவிரல்களின் பழக்கத்தில் வாழ்ந்த ஒரு பாத்திரத்தைத் தங்களைக் கேளாமல் மாற்றலாமா என்பதே. அவ்வினாவை எழுப்பும் உரிமையை ஊருக்கு அளிக்கும் மரபு கூத்தில் உண்டு. சந்தா செலுத்துவோர்க்கு அதனை அளிக்கும் ஒப்பந்தம் இதுவரை எழுதப்படவில்லை.